கம்பி கொடுத்த வாக்கு

பஸ் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்கிறோம். சாலை நட்டத்தில் கிடக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பஸ்ஸுக்குப் போகும் பணத்துக்கு மானியம் என்று பெயர். சாலைக்குப் போகும் பணத்துக்கு மேம்பாடு என்று பெயர். இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்துதான் போகின்றன. டோல் சாலைகளை விட்டுவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்து அந்த டோல் வரைக்கும் போகிற சாலையைச் சொல்கிறேன். அதில் போட்ட பணமும் திரும்பி வருவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் கூண்டில் ஏற்றிக் கணக்குக் கேட்கப்படுவது பஸ் மட்டும்தான்.

ஒரு கவிதையில் ஒரே பொருளுக்கு இப்படி இரண்டு பெயர்கள் வந்தால் நின்று யோசிப்போம். எந்த இடத்தில் எந்தப் பெயர், ஏன் என்று கேட்போம். வரவு செலவுத் திட்டத்தில் வந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். இந்தக் கட்டுரை அங்கே கொஞ்ச நேரம் நிற்கப் பார்க்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொள்வது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஓடி, இரண்டு ஊரிலிருந்தும் காணாமல் போன ஒரு வண்டியை. டிராலி பஸ்.

ரப்பர் சக்கரத்தில், சாதாரணத் தார்ச்சாலையில் ஓடும் வண்டி அது. டீசல் வேண்டாம். கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்பங்கள் மேலே எழுந்து, சாலைக்கு மேல் கட்டிய இரண்டு செம்புக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டே வரும். டிராமுக்கு ஒரு கம்பி போதும்; மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். டிராலி பஸ்ஸுக்குத் தண்டவாளம் கிடையாது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மின்சாரம் வர ஒரு கம்பி, திரும்பிப் போக ஒரு கம்பி. வளைவில் கம்பம் நழுவிவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கிப் போய் அதைப் பிடித்து இழுத்து மறுபடி மாட்ட வேண்டும். 1882 ஏப்ரலில் பெர்லினுக்குப் பக்கத்தில் ஹாலன்சேயில் வெர்னர் ஃபொன் சீமென்ஸ் இதன் முதல் வடிவத்தை ஓட்டிக் காட்டினார்.

பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு இது 1925இல் வந்தது. அடுத்த வருஷமே சிங்கப்பூருக்கும் வந்தது. பழைய டிராம்களை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி, அதாவது எஸ்.டி.சி., டிராலி பஸ்களை இறக்கியது. அந்தக் காலத்தில் உலகின் பெரிய டிராலி பஸ் அமைப்புகளில் ஒன்றாக அது இருந்தது. பினாங்கில் 1961 ஜூலையோடு முடிந்தது. சிங்கப்பூரில் 1962 டிசம்பரோடு முடிந்தது. ஒன்றரை வருஷ இடைவெளிக்குள் இரண்டு ஊரிலும் கம்பிகள் இறங்கிவிட்டன. இன்று இருபது வயதில் இருக்கும் ஒருவருக்கு அப்படி ஒரு வண்டி ஓடியது என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

பழைய வண்டியைப் பற்றி ஏக்கப்பட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. என் கவனம் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஊருக்குப் போகிறீர்கள். ஒரு சாலையோரம் நிற்கிறீர்கள். நிறுத்தப் பலகை இல்லை, கேட்க ஆள் இல்லை. தலைக்கு மேலே இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. இந்த வழியாக ஒரு வண்டி வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த வருஷமும் வரும். ஏனென்றால் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மின்நிலையம் கட்டிப் பணத்தை மண்ணில் புதைத்த ஒருவர் அவ்வளவு சுலபமாக எழுந்து போக மாட்டார். டீசல் பஸ்ஸில் அந்த உறுதி கிடையாது. இன்றைக்கு இந்தச் சாலை, நாளைக்கு வேறு சாலை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிப் பார்த்தால் கம்பி என்பது ஊர் தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. கொடுத்தவர் எளிதில் திரும்பப் பெற முடியாத வாக்கு.

வாக்கு என்பது என்ன? செய்ததை மாற்ற முடியாது, வரப்போவதை அறிய முடியாது. முதலாவதற்கு மன்னிப்பும் இரண்டாவதற்கு வாக்குறுதியும்தான் மனிதர்களிடம் இருக்கும் மருந்து என்ற பொருளில் ஹன்னா அரென்ட் 1958இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். நமக்கு இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரிச்சந்திரன் கதை இருக்கிறது. அவன் உண்மை பேசினான் என்பதற்காக மட்டும் அந்தக் கதை நம்மைப் பிடித்து வைக்கவில்லை. உண்மை நிறையப் பேர் பேசுகிறார்கள். சொன்ன சொல்லுக்காக நாடு, மனைவி, மகன் என்று ஒவ்வொன்றாக அவன் கொடுத்தான். விலை கொடுக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் அது வாக்கு என்று தெரிந்தது. விலையில்லாமல் கைவிடக் கூடிய சொல்லுக்கு அறிவிப்பு என்று பெயர் வைக்கலாம். தேர்தல் நேரத்தில் அது நிறையக் கிடைக்கும்.

இனி எதிர்ப்பக்கத்தைக் கேட்போம். கம்பிகளை இறக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், ஊர் நகர்ந்துவிட்டது. 1960இல் வீவக அமைக்கப்பட்ட பிறகு சிங்கப்பூர் வேறு திசையில் வளர ஆரம்பித்தது. மக்கள் குவீன்ஸ்டவுனுக்குக் குடிபோனார்கள். கம்பி பழைய ஊரில் இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் வாக்கைக் காப்பாற்றி என்ன பயன்?

இரண்டாவது காரணம் இன்னும் கூர்மையானது. அந்தக் கம்பி ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. காலனிய ஊரில் பணமும் வியாபாரமும் இருந்த தடங்களில்தான் அது ஓடியது. கம்பத்தில் இருந்தவர்களுக்கும் தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் அது இல்லை. நகரத்துக்கு வெளியே சிங்கப்பூர் மக்களை ஏற்றிச் சென்றவை சீனர்கள் நடத்திய சிறு பஸ் கம்பெனிகள். அவற்றுக்கும் முன்னால் கொசு பஸ்கள் இருந்தன. ஏழு பேர் உட்காரக்கூடிய சின்ன வண்டிகள். கை காட்டினால் நிற்கும், சந்துக்குள் நுழையும், நேரம் காலம் கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவை தொல்லை. கம்பி எட்டாத இடத்தில் இருந்தவர்களுக்கு அவைதான் கால்கள். ஆக, நெகிழ்வான வண்டி என்பது எப்போதும் ஏழைக்கு எதிரி என்று சொல்ல முடியாது.

இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். நிலையான வாக்கு, அதைப் பெற்றவர்களுக்கு மட்டும் நல்லது. பெறாதவர்களுக்கு அது தலைக்கு மேலே போகும் இன்னொருவருடைய கம்பி.

மூன்றாவது காரணம் பணம். டீசல் மலிவாக இருந்தது, கம்பிப் பராமரிப்பு செலவாக இருந்தது. எஸ்.டி.சி. ஒரு தனியார் கம்பெனி. 1955இன் கடைசியில் தொடங்கி அதன் தொழிலாளர்கள் நான்கு மாதங்களுக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருஷம் மே மாதம்தான் ஹாக் லீ பஸ் கலவரம். பஸ் ஓட்டுகிறவரின் வயிறு, பயணியின் சில்லறை, முதலாளியின் லாபம் மூன்றும் ஒரே டிக்கெட்டுக்குள் இருந்து வர வேண்டியிருந்தது. வரவில்லை. 1971இன் முடிவில் எஸ்.டி.சி. தொழிலையே நிறுத்திவிட்டது. கணக்குச் சரிப்படவில்லை என்றால் ஒரு கம்பெனி எழுந்து போய்விடலாம். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் பொதுத்துறை நடத்தியிருந்தால் தப்பித்திருக்குமா? பினாங்கு அதற்குப் பதில் சொல்கிறது. ஜார்ஜ் டவுனில் டிராலி பஸ் நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தம். மின்சாரம் வழங்கியதும் அதே கழகம். இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கஷ்டம். அங்கேயும் 1961இல் கம்பி இறங்கியது. யாருக்குச் சொந்தம் என்பது மட்டும் ஒரு வாக்கைக் காப்பாற்றாது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனுக்கு 1957இல் மாநகரத் தகுதி கிடைத்தபோது அதன் முதல் மேயரானவர் டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர். அவருடைய மன்றம் தேர்தலில் நின்று வந்த மன்றம். பஸ் ஏன் வரவில்லை என்று ஒரு பினாங்குக்காரர் கேட்க நினைத்தால், கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். பதில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் காட்டலாம். 1965இல் மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இன்றுவரை திரும்பவில்லை. கம்பி போனது ஓர் இழப்பு என்றால், கம்பியைப் பற்றிக் கேட்கும் இடம் போனது அதைவிடப் பெரிய இழப்பு. வாக்கு என்றால் இரண்டு தரப்பு வேண்டும்: கொடுத்தவர், கேட்கக்கூடியவர். இரண்டாவது தரப்பு இல்லையென்றால் அது தானமாகிவிடும்.

தானம் என்றதும் பாரி ஞாபகம் வருகிறார். முல்லைக்குத் தேர் கொடுத்தவர். படரக் கொம்பில்லாமல் தவித்த ஒரு கொடிக்கு, அது கேட்காமலேயே, தன் வாகனத்தை விட்டுவிட்டு நடந்து போனவர். பள்ளியில் படிக்கும்போது கொடைக்கு இதுதான் உச்சம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தேர் பாரியுடையது. அரசாங்கம் கொடுக்கும் பஸ் அரசாங்கத்தினுடையது இல்லை, நம்முடையது. நம் ஊர்களில் கட்டணச் சலுகை அறிவிக்கிறவர்கள் பாரியின் முகபாவத்தோடு அறிவிக்கிறார்கள். பெருநாளுக்கு இலவசப் பயணம், மாதம் 50 வெள்ளிக்கு அட்டை. இவற்றை நான் குறை சொல்லவில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் அந்த 50 வெள்ளி அட்டையால் மாதக் கடைசியைத் தாண்டுகிறவர்கள் உண்டு. ஆனால் மலிவான அட்டை ஒரு விஷயம், வருகிற பஸ் வேறு விஷயம். வராத பஸ்ஸில் இலவசமாகப் போவதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

இங்கேதான் நெகிழ்வு என்ற சொல்லைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் சொல்தான். தமிழில் சொன்னால் இன்னும் மென்மையாக இருக்கிறது. நெகிழ்வான சேவை, நெகிழ்வான தடம், நெகிழ்வான வேலை நேரம். யாருக்கு நெகிழ்வு என்று மட்டும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தடத்தை மாற்றும் சுதந்திரம் நடத்துகிறவருக்கு இருந்தால், அதே அளவு நிச்சயமின்மை அவருக்கு வந்து சேருகிறது.

"பஸ் எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நெகிழ்வு என்றால் என்னவென்று தெரியும்.

நான் வளர்ந்த தாமானுக்கு ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நின்றுவிட்டது. ஆள் ஏறவில்லை, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் எங்கள் வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிள் நின்றது. எங்கள் வீட்டிலும்தான். மாதத் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர். மழைக்காலத்தில் அப்பா வீடு திரும்பும் வரை அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நட்டத்தில் ஓடிய பஸ்ஸை நிறுத்தியதால் யாருக்கோ கணக்குச் சரியானது. அந்த நட்டம் எங்கே போனது? எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியது.

மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இதற்குச் சாலை, வேகம், லாரி, தலைக்கவசம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அவர்களில் எத்தனை பேர் ஒரு பஸ் இருந்திருந்தால் அதில் போயிருப்பார்கள் என்ற வரி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. நட்டம் மறைவதில்லை. கணக்கு எழுதப்படும் இடத்திலிருந்து எழுதப்படாத இடத்துக்குப் போகிறது. பஸ் சேவையைப் பற்றிய ஒழுக்கக் கேள்வி எனக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு சமூகம் தன் செலவைக் குறைத்ததா, இல்லை கேட்க வழியில்லாதவர்மேல் தள்ளிவிட்டதா?

"நான் பஸ்ஸில் போவதே இல்லை, என் வரிப்பணம் ஏன் அதற்குப் போகணும்?" இது நேர்மையான கேள்வி, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் இதையே திருப்பிக் கேட்கலாம். மலேசியாவில் 2021 பிப்ரவரியிலிருந்து 2025 வரை ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசு என்று பிடித்து வைக்கப்பட்டிருந்தது. சந்தை விலை ஏறியபோதெல்லாம் மீதியைக் கொடுத்தது பொதுப் பணம். அதிகம் ஓட்டுகிறவருக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது. காடியே இல்லாத ஒருவர் அதற்குத் தன் பங்கைக் கொடுத்தார். அவர் ஏன் கொடுக்கணும் என்று யாரும் கேட்கவில்லை. கோலாலம்பூரில் எல்.ஆர்.டி. 1990களில் தனியாரிடம் கொடுக்கப்பட்டு, கடனில் மூழ்கி, 2002இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. லாபம் வந்திருந்தால் அது தனியாருடையது. நட்டம் வந்ததும் அது பொதுவுடைமை ஆனது.

சிங்கப்பூரில் இதே வாதம் வேறு வடிவத்தில் வந்தது. 2012இல் அரசாங்கம் 110 கோடி வெள்ளி ஒதுக்கி 550 பஸ்களை வாங்கித் தர முன்வந்தபோது, லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்குப் பொதுப் பணமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில் 2016இல் வந்த ஒப்பந்த முறை. பஸ்ஸும் பணிமனையும் அரசாங்கத்துடையவை, டிக்கெட் பணமும் அரசாங்கத்துக்கு; கம்பெனி ஓட்டுவதற்குக் கூலி வாங்கிக்கொள்ளும். அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வரி: உச்ச நேரத்தில் எந்த பஸ்ஸும் 15 நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, அவற்றில் பாதியாவது 10 நிமிஷத்துக்குள் வர வேண்டும். மேலே கம்பி இல்லை. ஆனால் இது கம்பி செய்த வேலையைச் செய்யப் பார்க்கிறது. எழுதி வைத்த வாக்கு, மீறினால் செலவு.

அந்த வாக்கு எவ்வளவு தாங்கும் என்று 2023இன் கடைசியில் சோதனை வந்தது. செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரை போகும் 167ஆம் எண் பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். புது எம்.ஆர்.டி. தடம் வந்த பிறகு ஆள் குறைந்துவிட்டது என்பது காரணம். பொய்யான காரணம் இல்லை. ஆனால் அந்தத் தடத்தில் இருந்த முதியவர்கள், படி இறங்கி ஏறி ரயில் மாற முடியாதவர்கள், பேச ஆரம்பித்தார்கள். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பஸ் தங்கியது, அரை மணி நேரத்துக்கு ஒன்றாக. இதை வெற்றி என்று சொல்வதா தோல்வி என்று சொல்வதா? இரண்டும்தான். கேட்கக்கூடியவர்கள் இருந்தார்கள், அதனால் பஸ் பிழைத்தது. அரை மணிக்கு ஒன்று என்றால் ஆள் இன்னும் குறையும். அப்புறம் ஒரு நாள் மறுபடி அதே காரணம் சொல்லலாம்.

கேட்கக்கூடியவர் என்ற சொல்லை இவ்வளவு தூரம் கொண்டு வந்த பிறகு, கேட்க முடியாதவர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. சிங்கப்பூரில் விடியற்காலையில் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போகும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பார்க்காதவர்கள் இல்லை. அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். எம்.ஆர்.டி. சுரங்கத்தையும் பஸ் முனையத்தையும் கட்டியவர்களில் இவர்களும் உண்டு. அவர்களை வேலைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு பொதுப் போக்குவரத்து என்ற கணக்குக்குள்ளேயே வருவதில்லை. லாரியில் ஆட்களை ஏற்றுவது நிபந்தனைகளோடு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பல முறை குரல் எழுந்திருக்கிறது. வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: சிறு கம்பெனிகளால் செலவைத் தாங்க முடியாது.

இந்த வாக்கியத்தை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். கம்பியை இறக்கும்போது, தாமான் பஸ்ஸை நிறுத்தும்போது கேட்ட வாக்கியம்தான். கட்டுப்படியாகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. செலவு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் செலவை இப்போதே ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மழையில் தார்ப்பாய்க்குக் கீழே, சீட்பெல்ட் இல்லாமல், தூக்கத்தோடு கொடுத்துக்கொண்டிருக்கிறார். கட்டுப்படியாகாது என்று சொல்வதற்கு முன்னால், இப்போது அது யாருக்குக் கட்டுப்படியாகிறது என்று சொல்ல வேண்டும்.

பழைய டிராலி பஸ்ஸைத் திரும்பக் கொண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. கம்பிக்கும் வாக்குக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள இரண்டு ஊர்களைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் வெலிங்டனில் 2017 அக்டோபர் வரை டிராலி பஸ் ஓடியது. கம்பியைப் புதுப்பிக்கச் செலவாகும், நவீன வண்டிகள் வரப்போகின்றன என்று சொல்லி நிறுத்தினார்கள். கம்பி உடனே இறங்கியது. முதலில் அந்த இடத்துக்கு வந்தவை டீசல் பஸ்கள். பேட்டரி பஸ்கள் பிறகுதான் மெல்ல மெல்ல வந்தன. கையில் இருந்த வாக்கைக் கொடுத்துவிட்டு வரப்போகும் அறிவிப்பை வாங்கிக்கொண்டார்கள். மறுபக்கம் செக் நாட்டின் பிராகா. 1972இல் கம்பிகளை இறக்கிய ஊர், 2017இல் மீண்டும் ஒரு சாலையில் கம்பி கட்டிச் சோதித்தது. இப்போதைய வண்டிகளில் பேட்டரியும் உண்டு. கம்பிக்குக் கீழே ஓடும்போது மின்னேற்றம் ஆகிவிடும், கம்பி முடிந்த பிறகும் புதுக் குடியிருப்பு வரை போகும். கம்பி எட்டாத இடத்தில் இருப்பவர்களைப் பற்றி முன்னால் எழுந்த நியாயமான எதிர்ப்புக்கு இது ஒரு பதில்.

சிங்கப்பூர் 2030க்குள் பாதி பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றப்போகிறது. நல்லது. ஆனால் மின்சாரம் என்பது புகைக்குப் பதில். பஸ் வருமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. பேட்டரி பஸ்ஸும் ஒரு சுற்றறிக்கையில் தடம் மாறக் கூடியதுதான்.

ஆக, நமக்கு வேண்டியது கம்பி என்று நான் சொல்லவில்லை. கைவிட்டால் கைவிட்டவருக்கு வலிக்கும்படியான ஏதோ ஒன்று வேண்டும். அது பஸ்ஸுக்கென்று வெட்டிய தனிப்பாதையாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதிய நிமிஷக் கணக்காக இருக்கலாம். மலேசியாவில் திரும்பி வரும் ஓர் உள்ளாட்சித் தேர்தலாக இருக்கலாம்.

அடுத்த முறை ஒரு தடத்தை நிறுத்துகிறார்கள் என்ற செய்தி வரும்போது, எவ்வளவு மிச்சமாகும் என்ற எண் அதில் கட்டாயம் இருக்கும். அந்த எண்ணை நம்புவோம். அதோடு இன்னொரு எண்ணையும் கேட்போம்: அந்தத் தடத்தில் இதுவரை ஏறி வந்தவர்கள் இனி வேலைக்குப் போக எவ்வளவு கொடுப்பார்கள், எதில் போவார்கள், எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவார்கள். இதை யாராவது கணக்கெடுத்து வைத்திருந்தால், அதன் பிறகு நட்டம் என்ற சொல்லை எங்கே எழுதுவது என்று உட்கார்ந்து பேசலாம்.